கன்ட்ரோல் கோடு வராத ஜெல்

1. காலியான வரிசை

டோல்கேட் பக்கத்தில் இருந்த எங்கள் லேபில், ஜீனைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் PCR பிரிவு தொடங்கிய முதல் வருடம் அது. லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்து, எங்கள் வியாசர்பாடி வீட்டில் முதன்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவன் நான். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று காலை பெருக்கிய ஜீன்கள் கோடுகளாகத் தெரியும் ஜெல்லை யு.வி. வெளிச்சத்தில் பார்த்தபோது தேசப்பன் என்பவருடைய வரிசை காலியாக இருந்தது. நெட்டுக்குப்பத்து மீனவர். வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறி, மண்ணீரல் வீங்கியிருந்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு டாக்டர் ரத்தத்தை அனுப்பியிருந்தார்.

ABL என்ற ஜீன், தேவைப்படும்போது மட்டும் செல்லை வளரச் சொல்லும் சுவிட்ச். அது இருப்பது ஒன்பதாம் குரோமோசோமில். அங்கிருந்து உடைந்து, இருபத்திரண்டாம் குரோமோசோமில் இருக்கும் BCR ஜீனோடு ஒட்டிக்கொண்டால் சுவிட்ச் அணையவே அணையாது. வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். அந்தச் சுவிட்சை அடைக்கும் மாத்திரை அப்போதுதான் வந்திருந்தது. விலை தேசப்பனுக்கு எட்டாதது. ஒட்டிய ஜீன் இருப்பதாக ரிப்போர்ட் இருந்தால் ஆஸ்பத்திரி மூலம் இலவசமாகக் கிடைக்கும். மறுநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து இலவச மாத்திரைக்கான பெயர்ப்பட்டியல் போவதாக இருந்தது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடுகள் தேடுவோம். ஒன்று ஒட்டிய ஜீனுடையது. மற்றது உடையாத ABL ஜீனுடையது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டாவது கோடு வந்தாக வேண்டும். இதைத்தான் கன்ட்ரோல் என்போம். தேசப்பனுக்கு இரண்டுமே வரவில்லை. பக்கத்து வரிசைகளில் கன்ட்ரோல் பளிச்சென்று இருந்தது.

லேப் முதலாளி தூத்துக்குடிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி.

“கோடு இல்லைன்னா நெகட்டிவ்தானே தம்பி? போட்டு அனுப்பு. ஆஸ்பத்திரில இருந்து போன் மேல போன் அடிக்காங்க.”

பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர் மேடம் திரும்பிப் பார்த்தார். “கன்ட்ரோலே வரலை அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டு தெருவுல யாரும் இல்லைன்னு சொல்ற மாதிரி இது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“லேட்டாச்சுன்னா நம்மளத்தான ஏசுவாங்க?”

“நெகட்டிவ்னு போச்சுன்னா அந்த ஆளுக்கு மாத்திரை வராது.”

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடியுமால?” என்றார்.

2. ஊதா மூடி

மற்ற வரிசைகள் சரியாக வந்ததால் கோளாறு எங்கள் ரசாயனங்களில் இல்லை, ரத்தத்தில்தான். PCR-க்கு ஊதா மூடி டியூபில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ராயபுரத்தில் எங்கள் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுக்கும் சேகருக்கு போன் செய்தேன்.

“ஊதா மூடி டியூப்லதான் அனுப்சேன் மாமு.”

“அது தெரியுது. எடுத்ததே அதுலதானா?”

கொஞ்சம் இழுத்தான். “நரம்பே கெடைக்கல மாமு. இன்னொருவாட்டி குத்துனா அவரு சம்சாரம் என்ன வெட்டிடும் போல இருந்துச்சு. குரோமோசோம் டெஸ்ட்டுக்குப் பச்சை மூடில எட்த்தது நெறைய இருந்துச்சு. அதுலர்ந்து பாதிய ஊதாவுல ஊத்திட்டேன். ரத்தம் ஒண்ணுதானே?”

ரத்தம் ஒன்றுதான். ஆனால் பச்சை மூடி டியூபுக்குள், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும். குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அதுதான் வேண்டும். PCR-இலோ அது ஜீனைப் பெருக்கும் என்சைமை வேலை செய்யவிடாமல் முடக்கிப்போடும். மூடி மாறியும் ஹெப்பாரின் ரத்தத்தோடு வந்துவிட்டது.

3. ஐஸ்

லேப் வண்டியை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். தேசப்பனின் மனைவி கன்னியம்மா வாசலிலேயே மறித்தார்.

“இன்னா, திரும்பவும் ஊசியா? எட்த்துகினு போன ரத்தத்த இன்னா பண்ணீங்க, கொழம்பு வெச்சீங்களா?”

“தப்பு எங்க பக்கம்தான்கா. டியூப் மாறிப்போச்சு.”

உள்ளே வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்த தேசப்பன் சிரித்தார். “உட்றீ. பையன் வெயில்ல வந்துகீறான்.”

கன்னியம்மா வழிவிட்டார். ஆனால் பேச்சை விடவில்லை. “அந்த ஜீனு இல்லன்னு வந்துட்டா மாத்திரை கெடையாதாமே? புருசன் ஒடம்புல நோவு கீதுன்னு எழுதிக் குடுக்கணும் சாமின்னு வேண்டிக்கினு கீறேன். எந்தப் பொம்பளைக்கு வரும் இந்தப் பொழப்பு?”

நான் தேசப்பனின் கையில் பட்டையைக் கட்டினேன். இடது கையில் நரம்பு நழுவியது. வலது கையில் கிடைத்தது. ரத்தம் நேராக ஊதா மூடி டியூபுக்குள் இறங்கியது.

கொண்டுபோன ஐஸ் பேக் இளகிவிட்டிருந்தது. ரத்தம் சூட்டில் கிடந்தால் நாங்கள் தேடும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். கன்னியம்மா மீன்பெட்டி ஐஸை உடைத்துப் பையில் கட்டிக் கொடுத்தார். ஐஸ் நேராகப் பட்டு ரத்தம் உறைந்துவிடாமல் டியூபைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. பெட்டியிலிருந்து மீன் வாடையோடு தண்ணீர் சொட்டியது. லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, வஞ்சிரமா?”

“ரத்தம்ணே. ஒருத்தரு உயிரு.”

அவர் சிரிப்பை நிறுத்தி, லாரியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார்.

4. இரண்டு கோடுகள்

அன்று மாலையே ஆர்.என்.ஏ. பிரித்தோம். மறுநாள் காலை ஜெல் ஓடியது. இருட்டறையில் மேடம் முதலில் கன்ட்ரோலைப் பார்த்தார். இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்ற கோட்டைப் பார்த்தார். அதுவும் இருந்தது. “பாசிட்டிவ்” என்றார். ஒரு மனிதருக்குப் புற்றுநோய் உறுதியானதற்கு நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணாச்சி வேறு யாரையும் அனுப்பாமல், தானே ஸ்கூட்டரில் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனார். பெயர் போய்ச் சேர்ந்தது.

மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எதில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கன்ட்ரோல் வராத ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்ற சொல்லுக்கு இடமில்லை.

தேசப்பனுக்கு மாத்திரை கிடைத்தது. வெள்ளை அணு இறங்கியது, வயிறு வடிந்தது, அவர் மறுபடி கடலுக்குப் போனார். ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து அவருடைய ரத்தம் மறுபடி என் ஜெல்லில் ஓடியது. கன்ட்ரோல் பளிச்சென்று எரிந்தது. ஒட்டிய ஜீனின் கோடு இல்லை.

ரிப்போர்ட் வாங்க கன்னியம்மா வந்தார்.

“இன்னா எழுதிக்கீற?”

“இல்லன்னு எழுதியிருக்கேன்கா. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.”

“அன்னிக்கும் ஒண்ணும் தெரிலன்னுதானே ஓடியாந்த?” பேப்பரை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். “இந்தவாட்டி நெஜமாவே இல்லியா?”

“இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்கா.”