சூசை அண்ணை தரும் ‘டை ஹார்ட்’ பட்டம்

சூசை அண்ணை காலமாகிவிட்டார். இன்று விடிய, தன் பாண் பேக்கரியைத் திறக்கப் போனபோது நெஞ்சு நோ... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது.

கொழும்புத்துறையில் அவரைத் தெரியாதவர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்... எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு மட்ச் என்றால் கடையைப் பூட்டிவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நீலக் கொடியோடு நிற்பாரே, அவர்தான்.

‘டை ஹார்ட்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவருடைய வாயில்தான். வீட்டுக்கு வந்து அகராதி பார்த்தேன். எவ்வளவு தோற்றாலும் பக்கம் மாறாத ஆள் என்று விளங்கியது.

என் மருமகன் ஒரு நடிகருக்கு ‘டை ஹார்ட் ஃபேன்’ என்று ஸ்டேட்டஸ் போட்டதற்கு, கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உன்ரை ஆளின்ரை படம் ஓடாட்டி, இன்னொருக்காப் போய்ப் பாப்பியோ?”

“ரெண்டாந்தரம் பாக்க எனக்கென்ன விசரே, அங்கிள்?”

“அப்ப நீ வெறும் ஃபேன். பாணைக் கொண்டு போ.”

நான் வீட்டுக் கணக்கு எழுதுவதைவிடக் கறாராக அந்தச் சொல்லைச் செலவழித்தார்.

போன மாரியில் ஒரு மட்ச். கொட்டுகிற மழை, கோலுக்கு மேல் கோல் வாங்கினோம், சனமெல்லாம் கலைந்துவிட்டது. பூசைக்குப் போகும் வழியில் அவர் தனியே நனைவதைக் கண்டு, நானும் குடையோடு முடியும்வரை நின்றேன்.

அடுத்த நாள் கடையில், வென்ற பக்கத்து ஆள் ஒருவர்...

“என்னண்ணை, வலை கிழிஞ்சு போச்சாம்? இனியாவது எங்கடை பக்கம் வாங்கோவன்.”

“உங்கடை பக்கம் ஆக்கள் கூட. தோக்கேக்கை நிக்கவும் ஒரு ஆள் வேணுமெல்லே?”

அவருக்கும் சூடான பாண்தான் கொடுத்தார்.

இன்று பின்னேரம் ஃபைனல். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எங்கள் கழகம் வந்திருக்கிறது. காலையில் விளையாடுற பெடியள் செத்தவீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

“அன்ரி, நாங்கள் இண்டைக்கு இறங்கேல்லை. கப்பை அவங்களே கொண்டு போகட்டும்.”

அண்ணையின் மனைவி திரேசா அக்கா அழுதுகொண்டே எழும்பினார்.

“ஆர் இறங்காதது? எங்கடை கலியாணத்தண்டும் மட்ச் முடிஞ்சுதான் அந்த மனுசன் கோயிலுக்கு வந்தவர். நீங்கள் விட்டுக் குடுத்தால் பெட்டிக்குள்ளை இருந்து எழும்பி வந்து பேசுவார். போய் பூட்ஸைப் போடுங்கோ!”

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டோம்.

“கொடி பிடிக்க ஆளில்லையே, அன்ரி...”

அக்கா என்னைப் பார்த்தார். “ஏன், உவ நிக்கிறா.”

“ஐயோ அக்கா, எனக்கு ஓஃப்சைட் எண்டால் என்னெண்டே தெரியாது!”

“அந்த மழையண்டு வீட்டை வந்து அவர் சொன்னது எனக்கெல்லோ தெரியும். ‘உந்தப் பிள்ளை டை ஹார்ட்’ எண்டவர்.”

மூலையில் சாத்தியிருந்த நீலக் கொடியை எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் நாளை காலை. மட்ச் இன்று நான்கு மணிக்கு. வெல்வார்களோ தெரியாது, கடைசி விசில் வரை நான் நிற்பேன்.

ஆண்டவரிடம் ஆறுதலாகப் போங்கோ, அண்ணை. இங்கே ஆள் இருக்கிறது.