மாமிக்கு இடம் பார்த்தது

நான் அப்போது சுகாதாரப் பரிசோதகர். மட்டக்களப்பு நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்படிகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைவதுதான் என் வேலை. சாக்கடை எங்கே ஓடுகிறது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியை எட்டிப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் சமையற்காரரின் முகம் கறுத்துப் போகும்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மாமிக்கு இடம் பார்க்கப் புறப்பட்டேன்.

மாமி என்றால் மனைவியின் தாய். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமியின் வீட்டில் நான் ஏழு வருட மருமகன். கிழமை நாட்களில் நகரத்தில் ஓர் அறை, சனி ஞாயிறு வாவி கடந்து வீடு. அந்த ஏழு வருடத்தில் மாமி என்னோடு நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதைதான். நான் முற்றத்துக்கு வந்தால் அவர் உள்ளே போவார். "அவர் தேத்தண்ணி குடிச்சிட்டாராமா?" என்று மகளிடம் கேட்பார். நானும் மகளிடமே பதில் சொல்வேன். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றாலும் அப்படித்தான்.

அந்த மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நகரத்து ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். "இனி நடக்கப் பழக்க வேணும். வயசு போனவங்களை வச்சுப் பராமரிச்சுப் பழக்கிற இடம் ஒண்டு பாருங்க" என்றார் டொக்டர். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் அவளைக் கூட்டிவர முடியாது. மாமிக்கு வேறு பிள்ளைகளும் இல்லை. ஆகவே எல்லாம் என் தலையில்.

மாமிக்கு ஒரே கவலைதான். பிள்ளை பிறக்க முன்னம் வீட்டில் நிற்க வேண்டும், மகளுக்குத் தன் கையால் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் இராணுவத்தின் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வருகிற எல்லாரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கம் போய்த்தான் திரும்ப ஏற வேண்டும். கதிரையில் வைத்துத் தூக்கிப் போகலாமே என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் மூலமாகச் சொல்லிப் பார்த்தேன். "என்னைத் தூக்கிற நாளில நான் கதைக்க மாட்டன். இப்ப கதைக்கிறன்தானே, நடந்துதான் போவன் எண்டு அவரிட்டச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

முதலில் பார்த்த இடம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். ஈ ஒன்றுகூட இல்லை; தேடியும் கிடைக்கவில்லை. காலை பத்து மணி. எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது, எல்லார் போர்வையும் கழுத்துவரை சுருக்கமில்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. பொறுப்பாளர் மெல்லிய குரலில், "நீங்க மாசத்தில ஒருக்கா வந்து பாத்தாக் காணும். மற்றதெல்லாம் நாங்க பாப்பம்" என்றார். என் மனம் குளிர்ந்து போனது.

இரண்டாவது இடம் களுதாவளைக்குப் போகிற ரோட்டில், வாவிப் பக்கமாக ஒரு பழைய வளவு. வாசலிலேயே ஒரு கோழி என் சப்பாத்தைக் கொத்தியது. மணல் முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே மூங்கில் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் இந்தப் பக்கமிருந்து போக, கிழவிகள் அந்தப் பக்கமிருந்து வர, யார் வழி விடுவது என்று பெரிய சண்டை. நடத்தியவர் ஓய்வு பெற்ற தாதி. எல்லாரும் அவரை மிஸி என்றார்கள். "ஒவ்வொரு நாளும் வீட்டு ஆள் ஒருத்தர் வந்து ஒரு மணித்தியாலம் நடத்த வேணும். ஏலாதெண்டா வேற இடம் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். அடுப்படிச் சாக்கடை அடைத்து நிற்பதை நான் கண்டிப்பான குரலில் எடுத்துச் சொன்னேன். "ஓம், அடைச்சுப் போச்சு. மம்மட்டி அந்தா கிடக்குது" என்றார்.

இனி யோசிக்க என்ன இருக்கிறது? முதல் இடத்துக்கு நூற்றுக்கு நூறு என்று முழுப் புள்ளி போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் நேர்ஸிடம் விபரம் சொன்னேன். மாமி சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கிருந்து எத்தினை பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க எண்டு அவர் கேட்டவராமா?" என்றார்.

அவர் கேட்கவில்லை.

மறுநாள் திரும்பப் போய்க் கேட்டேன். முதல் இடத்துப் பொறுப்பாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வீட்டுக்கா? இஞ்ச வந்தவங்க கடைசி மட்டும் இஞ்சதான் நிம்மதியா இருப்பாங்க" என்றார் பெருமையாக. மிஸியிடம் கேட்டபோது அவர் விரலை மடக்கத் தொடங்கினார். "போன மாசம் ஏறாவூர் மனிசி, பிறகு அந்தக் கொல்லர், பிறகு ஒரு கிழவி. அவ போற அவசரத்தில என்ட செருப்பையும் போட்டுக்கொண்டு போயிட்டா, இன்னும் வந்து சேரல்ல."

ஈயையும் சாக்கடையையும் பார்த்தேன் என்பது பாதிதான் உண்மை. மாதத்தில் ஒருமுறை வந்தால் போதும் என்ற சொல்லுக்குத்தான் நான் முழுப் புள்ளி போட்டிருந்தேன். மாமிக்கு என்று புறப்பட்டு எனக்கு வசதியான இடத்தைப் பார்த்திருக்கிறேன். சரியான வெட்கமாக இருந்தது.

மாமியை மிஸியிடம் சேர்த்தேன். முதல் நாள் மிஸி, "மருமகன், கையைப் பிடியுங்க" என்றார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, "மிஸி, அவரைப் போகச் சொல்லுங்க" என்றார். "அவர் போனா நீங்க கடைசி மட்டும் இஞ்சதான்" என்றார் மிஸி. கடைசியில் மாமி என் கையைப் பிடிக்கவில்லை, சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். அப்படியே நாலு நாள் நடந்தோம். ஐந்தாம் நாள் நான் எங்கோ பார்த்துக்கொண்டு அவரை நேரே ஒரு நண்டு வளைக்குள் நடத்திவிட்டேன். மாமி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கண் எங்க மருமகன் இருக்கு?" என்று கத்தினார். ஏழு வருடத்தில் அவர் எனக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அது. மூங்கிலைப் பிடித்து நின்ற கிழவிகள், "விடாத கா, நல்லாக் குடு!" என்று உற்சாகம் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிறகு மாமி வாயை மூடவேயில்லை.

படி ஏறப் பழக அங்கே மாடி இல்லை. ஷெல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கர்தான் இருந்தது. மண்மூட்டை அடுக்கிய அதன் ஆறு படியில் மாமி இறங்குவார், நான் கீழே நிற்பேன். பிறகு ஏறுவார், நான் பின்னால் நிற்பேன். வாவிக்கு அப்பால் வெடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் உள்ளே இறங்க வேண்டும். அதையும் மிஸி பயிற்சியாகவே எடுத்தார். "எப்படியும் இறங்கத்தானே வேணும், ஒழுங்கா முழங்காலை மடிச்சு இறங்குங்க!" ரோட்டைப் பூட்டின நாட்களில் நான் வரமுடியாது. அடுத்த நாள் மாமி, "நேத்து ஏன் வரல்ல?" என்று கேட்பார். காரணம் தெரிந்துகொண்டே கேட்பார். எனக்கு அது பிடித்திருந்தது. அடைத்த சாக்கடையை ஒரு பின்நேரம் நானே வெட்டிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் மிஸி, "கூட்டிப் போங்க. இன்னும் வச்சிருந்தா என்ட கறிக்குப் பழுது சொல்லியே என்னைக் கொல்லுவா" என்றார்.

பஸ் சாவடியில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். ஏறிப் பார்த்த ஆமிக்காரன் மாமியின் ஊன்றுகோலைக் கண்டு, "அம்மா இருங்க, இறங்க வேணாம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிக் கையும் காட்டினான். நல்ல மனசுக்காரன். மாமிக்கு வந்ததே கோபம். "இதுக்கா நான் ரெண்டு மாசம் பங்கருக்குள்ள ஏறி இறங்கினன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு எழுந்தார். பஸ் படியில் முழங்காலை மடித்து ஒழுங்காக இறங்கினார்.

வெயிலில் சனம் வரிசையாக நடந்தது. நான் மாமியின் கையைப் பிடித்திருந்தேன். பாதி தூரத்தில் மாமி நின்றார். களைப்பாக்கும் என்று பயந்தேன். "விடுங்க மருமகன், நான் போவன்" என்றார்.

விட்டேன். மாமி முன்னால் போனார். கோல், இடது கால், வலது கால். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக நான் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. மாமியைப் பிடித்திருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன்.