அத்தை அசனத்துக்கு வந்த நாள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தையிடம் ஒரு பொய் சொன்னேன். அது முழுப் பொய் என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அம்பாசமுத்திரத்தில் ஆசிரியை. கூட வேலை பார்த்த சைவக் குடும்பத்து ஆசிரியர் ஒருவரை அவர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் குடும்ப ஜெபத்தில் ஊரிலுள்ள நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கண்காணாத தேசத்து மிஷனெரிகள் எல்லோருக்கும் இடமிருந்தது. அத்தை பெயர் மட்டும் வராது. அம்மாதான் அப்பா இல்லாத நேரம் பார்த்து அத்தையோடு போனில் பேசுவாள்.

பாளையங்கோட்டையை ஒட்டிய எங்கள் ஊர் ஆலயத்தில் ஆண்டுக்கொரு முறை அசனம் நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் விருந்து. அந்த வருஷம் பொறுப்பு அப்பாவுக்கு. முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"இது ஆண்டவர் வீட்டுச் சாப்பாடு. எந்தச் சாதி, எந்த மதம்னு பாக்காம எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லாத்தையும் என்றால் அத்தையையும்தானே?

இரண்டு நாள் கழித்து அம்மா குளிக்கும்போது போன் அடித்தது. எடுத்தால் அத்தை.

"அத்தை, சனிக்கிழமை அசனத்துக்கு வாங்க. மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அப்பாதான் சொன்னாங்க."

"அண்ணனா சொன்னாங்க? நெசமாவா, ஏட்டி?"

"நெசமாத்தான்!"

மைக்கில் சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல, பூரிப்பினால். ஆலயத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளி நாடகங்களில் பிரிந்தவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். அப்பாவும் அத்தையும் அப்படி அழப்போவதை முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் ஆலயத்தின் வாசலிலேயே நின்றேன். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பேருந்துக்கும் குதித்தேன். நான்காவது பேருந்தில் பச்சைச் சேலையில் அத்தை இறங்கினார். பின்னால் நெற்றியில் திருநீறோடு மாமா. அவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காரவைத்தேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தூரத்திலிருந்து எங்களைப் பார்த்து, தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா கறிக்குழம்பு வாளியோடு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தார். இலை இலையாக நெருங்கினார். அத்தை இலைக்கு வந்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

அத்தை எழுந்துவிட்டார். "அண்ணே, நீங்க கூப்பிட்டதாப் புள்ள சொன்னா. அதான் வந்தோம்."

அப்பா என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் சூடேறின. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மாமா இலையில் வெறும் சோறு. அவர் ஜென்மத்தில் கறி தொட்டதில்லை. அதை யோசிக்காமல் இத்தனை பேர் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன். ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஆமா," என்றார் அப்பா. "நான்தான் கூப்பிட்டேன். உக்காரு."

பிறகு வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். "ஏ, இதை அங்கன கொண்டு போ வே. இந்தப் பக்கம் கறி வேண்டாம்." வேகமாகச் சமையல் பந்தலுக்குப் போனார். திரும்பியபோது ஒரு கையில் ரசம், மறு கையில் தயிர், தோளில் ஒரு வாழையிலை.

"மாப்ள, ரசம் தனி அடுப்பு. கறி படாத கரண்டி. தைரியமாச் சாப்பிடுங்க," என்று குனிந்து ஊற்றினார்.

மாமா இரண்டு கைகளாலும் இலையைப் பிடித்துக்கொண்டார். "சரி மச்சான்," என்றார். சோறு குளமானது.

நான் கட்டிப்பிடித்தலுக்காகக் காத்திருந்தேன். அது நடக்கவில்லை. அப்பா தோளிலிருந்த இலையை மாமாவுக்குப் பக்கத்தில் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நல்லி எலும்புக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிற மனுஷன், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். கறிவாளி வந்தபோது கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

இத்தனை பாடுபட்டு அத்தையை வரவழைத்தும் ஒரு நாடகமும் நடக்கவில்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அதைவிட அப்பாவைப் பற்றிய கவலை பெரிதாக இருந்தது. அசனத்தன்று ரசஞ்சோறு சாப்பிடுகிறார் என்றால் வயிற்றில் ஏதோ பெரிய கோளாறாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவிடம் ஓடினேன்.

"எம்மா, அப்பாவுக்கு வயிறு சரியில்ல. ஓமத்தண்ணி இருக்கா?"