மாஸ்டரின் அறை விளக்கு

ஒரு மனிதரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைத்தவன் நான். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்... சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில், மாஸ்டரின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், மனைவியை இழந்தவர். பகலெல்லாம் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தோடு நின்ற எனக்கு, தமிழில் கதைக்க அவர் ஒருவரே இருந்தார். அவருக்கும் நான்தான்.

அவருடைய பெட்டிகளை வைக்க, சீலிங்குக்கு மேலே பலகை அடித்துத் தருவதாகச் சொன்னேன்.

"இந்த வேலை எனக்குத் தெரியும் மாஸ்டர்."

தெரியாது.

மேலே, மரச்சட்டங்களுக்குக் குறுக்கே மின்வயர்கள் ஓடின. சட்டங்களின் மேல் ரீப்பர்க் கட்டைகள் அடித்துப் பலகையை உயர்த்தி, வயர்களுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். நானோ வயர்களின் மேலேயே பலகையை வைத்து, அது எழும்பி நின்ற இடத்தை முழங்காலால் அழுத்தி ஆணி அடித்தேன். பெட்டிகளும் மேலேறின.

சில வாரங்களில் அவருடைய அறை விளக்கு மட்டும் அவ்வப்போது ஒரு கணம் மங்கி, மறுபடி பிரகாசமாக எரிந்தது. நானும் கண்டேன். காரணமும் உடனே புரிந்தது.

ஒரு மாலை, வாசித்த புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இப்ப லைட் மங்கினது. நீர் கண்டனீரோ?"

"இல்லை மாஸ்டர். நான் ஒண்டும் காணேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? அறை பறிபோகும் என்றா? இல்லை... பொய்க்காரன் என்று தெரிந்தால் என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவார் என்று பயந்தேன். நீங்கள் சிரிக்கலாம். அந்தத் தனிமையில் அது எனக்குப் பெரிய பயம்.

பிறகும் பலமுறை கேட்டார். நானும் அதையே சொன்னேன். கண் வைத்தியர் கண்ணில் குறையில்லை என்றார். அன்றோடு என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கதவைத் தான் பூட்டினாரா, அடுப்பை அணைத்தாரா என்று சந்தேகப்பட்டு எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். கடைசியில் வெலிங்டனில் இருந்த மகளுக்குத் தானே போன் எடுத்தார்.

"பிள்ளை, எனக்கு மூளை தடுமாறுது போல கிடக்கு."

மகள் அவரைத் தன்னோடு கூட்டிப்போக வந்தாள். காரில் ஏறுமுன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர நிலைமையை நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தம்பி. அது பெரிய உதவி."

அப்போதாவது சொன்னேனா?

வீட்டை விற்குமுன் வந்த எலக்ட்ரீஷியன் பலகையைக் கிளப்பி, நசுங்கிய வயரைக் காட்டினான். யார் செய்த வேலை என்று கேட்டான். தெரியாது என்றேன்.

சில மாதங்கள் கழித்து மாஸ்டரின் கடிதம் வந்தது. எழுத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மகள் வீட்டில் விளக்குகள் மங்குவதே இல்லையாம். வைத்தியர் தந்த குளிசைகள் வேலை செய்கின்றன போல என்று எழுதியிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை.