வெரலை ஆட்டுங்க

பூங்கொடி டாக்டர் இறந்துவிட்டார்.

காலையில் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸிங் போடும் ஏழுமலை போன் பண்ணினார். நேற்றுக்கூட ஓபி பார்த்தாராம்... ஹார்ட் அட்டாக்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சின்ன அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். நான் இன்று இரண்டு காலில் நிற்பது அவரால்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை.

அப்போது நான் ரிக் வண்டியில், அதாவது தண்ணீருக்குப் போர் போடும் வண்டியில், வேலை பார்த்தேன். வண்டியில் ஏற்றும்போது இரும்பு ராடு ஒன்று நழுவி இடது கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, பாதி மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார். "நாளைக்கு ஆபரேஷன். எலும்புல வைக்கிற பிளேட்டு சேலத்துலருந்து வரணும். அதுவரைக்கும் வெரலை ஆட்டிக்கிட்டே இருங்க. ஆடலைன்னா உடனே என்னைக் கூப்பிடணும்."

ஆபரேஷன் என்றதும் என் மாமனாருக்கு வேர்த்துவிட்டது.

"மாப்பிள்ளை, அறுத்தா அந்தக் காலு உருப்படாதுங்க. நம்ம வைத்தியரு கட்டுப் போட்டாப் போதுமுங்க."

வலியில் நான் எதற்கும் தலையாட்டும் நிலை. மத்தியானச் சோற்று நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆம்னி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

வைத்தியர் மாவுக்கட்டைப் பிரித்துப் போட்டார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மேலே மூங்கில் பட்டை. நாமக்கல்காரனுக்கு முட்டைக்கா பஞ்சம்! மாமனார் அட்டையோடு கொண்டுவந்து இறக்கினார். வீங்கிக் கிடந்த காலைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார்கள். இறுக்கிக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

பொழுது சாயும்போது வலி தாங்காமல் கத்தினேன். "எலும்பு கூடுதுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

என் மனைவி சுமதிதான் போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, வெரலு நீலமா இருக்குதுங்க... ஆட்டுங்க பாக்கலாம்."

ஆட்டினேன். ஆட்டுவதாகத்தான் நினைத்தேன். விரல் அசையவே இல்லை.

திரும்ப அதே வேன், அதே ஆஸ்பத்திரி. டாக்டர் ஸ்கூட்டர் சாவியோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமனார் கும்பிட்டபடி முன்னால் ஓடினார். டாக்டர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

கத்தரியை எடுத்துக் கட்டை நெடுக வெட்டினார். கட்டைவிரலைப் பிடித்து மேலே வளைத்தார். நான் போட்ட அலறல் கேட் வரைக்கும் கேட்டதாம்.

பிறகு சுமதியிடம் நேராகச் சொன்னார். "உள்ள ரத்த ஓட்டம் அடைபட்டுக் கெடக்குதும்மா. இப்பவே சதையைத் தொறந்து விடணும். சேலத்துக்கு அனுப்புனா போய்ச் சேர்றதுக்குள்ள காலு போயிரும். தொறந்து பாத்து உள்ள கறுத்திருந்தா... காலை எடுக்கத்தான் வேணும். சம்மதமா?"

"பண்ணுங்க" என்றாள் சுமதி. அவ்வளவுதான் பேசினாள்.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. கண்ணும் காதும் மட்டும் முழித்துக் கிடந்தன. எதிரே பச்சைத் துணி, அதற்கு அந்தப் பக்கம் என் கால்.

ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைப் படமாகக் காட்டும் மெஷின் ரிப்பேர். பிளேட்டும் வரவில்லை. "வெளியிலருந்து கம்பி போட்டு எலும்பை நிறுத்திக்கலாம்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமி இருமி லைட்டை மட்டும் எரிய வைத்தது. ட்ரில்லில் சார்ஜ் இல்லை.

"கை ட்ரில்லைக் குடுங்க சிஸ்டர்."

கிர்... கிர்... கிர்... என் எலும்பில் கையாலேயே திருகினார். வலி இல்லை. ஆனால் டேபிளே அதிர்ந்தது. ஊரெல்லாம் போர் போட்டவன் காலிலேயே போர்! பயத்தில் என் வாய் தானாக உளறியது.

"மேடம்... தண்ணி வருதுங்களா?"

சத்தம் நின்றது. சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ரத்தம் வருது. நல்ல செவப்பா வருது. அதுதான் எனக்கு வேணும். பேசாமப் படுங்க" என்றார் டாக்டர்.

கறுப்பில்லை, சிவப்பு... அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை.

ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மரப்பு விடும்வரை கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "வெரலை ஆட்டுங்க." ஆடவில்லை. டீ குடித்துவிட்டு வந்தார். "வெரலை ஆட்டுங்க." ஆடவில்லை. சுமதி முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

திரும்பக் கேட்டார். கட்டைவிரல் லேசாக...

மாமனார்தான் முதலில் பார்த்தார். "ஆடுதுங்க சாமி! ஆடுதுங்க!" என்று டாக்டர் காலில் விழப் போனார்.

"இன்னொரு தடவை கட்டுக்குத் தூக்கிட்டுப் போனீங்க, உங்க காலை நானே ஒடிச்சிருவேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

காயம் ஆற மாதக்கணக்கானது. ரிக் வேலை போய், இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடை. லேசாக நொண்டுவேன். போகட்டும்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். ஒருமுறை உழவர் சந்தையில், கையில் முருங்கைக்காயோடு, "வெரலை ஆட்டுங்க" என்றார். தக்காளிக்காரம்மா முன்னால் செருப்பைக் கழற்றி ஆட்டிக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் பேரம் பேசப் போய்விட்டார்.

போன வருஷம் மாமனார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். யாரோ கட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்த மனுஷன் போட்ட சத்தம் இருக்கிறதே... நேராக டாக்டரிடம் போய், அவர் கேட்கும் முன்பே விரல்களை ஆட்டிக் காட்டினாராம்.

மத்தியானம் டாக்டர் வீட்டுக்குப் போனோம். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாமனார் குழந்தை மாதிரி தேம்பினார். நான் கால்மாட்டில் போய் நின்றேன்.

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது...

செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன். அங்கே நின்றபடியே இடது கால் விரல்களை ஆட்டிக் காட்டினேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

வெரலு ஆடுதுங்க டாக்டரம்மா. நீங்க போங்க.