பிள்ளைத்துணி காயும் இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஓர் ஐப்பசி அடைமழையில், கைக்குழந்தையோடு நான் போடியில் குடியேறினேன். பிறந்தது சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடு. எங்கள் ஊரில் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் விறைப்பாகக் காய்ந்து நிற்கும். ஈரத்தால் ஒருத்திக்கு விடுதலை கிடைக்கும் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால், போடி பைத்தியக்காரி என்றிருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் காயை வாங்கி, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பார். வைத்திருக்கும் இடம் வீடுதான். முன்கட்டு முழுக்க மூட்டைகள். பின்கட்டில் அடுப்படி, ஓர் அறை, சின்னதாகக் கொல்லை. அந்தப் பின்கட்டில்தான் நானும் குழந்தையும் என் நாத்தனாரும். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், இளவயதில் கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். பிள்ளை குட்டி இல்லை. மதினி என்று கூப்பிடுவேன். தெருக்கதவுக்குப் பூட்டு உள்பக்கம். சாவி மதினியின் இடுப்பில்.

என்மேல் சந்தேகப்பட்டுப் பூட்டவில்லை. காரணம் வேறு. எங்கள் தெருவில் எல்லா வீடும் ஏலக்காய் வீடு. யாரிடம் எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் வியாபாரம் போச்சு. அதனால் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் கால் வைப்பதில்லை. ஆண்கள் கடைத்தெருவில் ஒன்றாக நின்று டீ குடிப்பார்கள், கல்யாணத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வீட்டுப் பெண்கள் மட்டும் ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாமல் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடப்போம். பக்கத்து வீட்டில் குழந்தை அழுவது கேட்கும். என் குழந்தை அழுவது அவளுக்கும் கேட்டிருக்கும். அம்புட்டுத்தான் உறவு.

என் அறைக்கு ஒரே சன்னல், உயரத்தில். எட்டிப் பார்த்தால் மலை தெரியும், தெரு தெரியாது. அந்த மலையை எல்லாரும் அழகு அழகு என்பார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரியும். மேகம் இறங்கி அதை மூடினால், அப்பாடா என்று இருக்கும்.

ஏலக்காய் பொல்லாத சரக்கு. ஈரம் பட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கருவாடு வாசற்படி தாண்டாது. மழைக்காலத்தில் காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடக் கூடாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் ஆவி சுவர் தாண்டி மூட்டைக்குப் போகுமாம். நீங்களே சொல்லுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில், விடாமல் மழை பெய்கிற மாதத்தில், இது நடக்கிற காரியமா? பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த பிள்ளைத்துணி அத்தனையும் கொல்லைத் தாழ்வாரத்தில் நசநசவென்று தொங்கின. பூஞ்சை வாடை அடித்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் சுற்றினேன். பிள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்துபோனது. சாயங்காலமானால் வீறிட்டு அழும். நானும் கூட உட்கார்ந்து அழுவேன். உலகத்திலேயே பிள்ளை வளர்க்கத் தெரியாத ஒரே முண்டம் நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து தயிர் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. கொல்லைக் கதவுவரை வர அவளுக்கு மட்டும் அனுமதி. ஒருநாள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தவள் பதறிப்போனாள்.

"என்னத்தா இது, பச்சைப் பிள்ளைய ஈரத்துல பொதிஞ்சு வச்சிருக்க? தெருக்கோடியில பொரி வறுக்கிற கொட்டகை இருக்குல்ல, அங்க கொண்டுபோய்க் காயப்போடு. இந்தத் தெருப் பிள்ளைத்துணி எல்லாம் அங்கதான் காயுது. ஒனக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்வது? சன்னலில் தெரிகிற மலையா சொல்லும்?

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன். பிள்ளையின் தொடையை விளக்குக்கு நேராகக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"சரி, போயிட்டு வா. துணி காஞ்சதும் வெரசா வந்துரணும். மழை நிக்கிற வரைக்குந்தான், ஆமா. வெயில் வந்துட்டா கொல்லையிலயே போட்டுக்க."

மழை நிற்கிறவரைக்கும். அந்தச் சொல் அப்போது என் காதில் ஏறவில்லை. தெருவுக்குப் போகலாம் என்பது மட்டுந்தான் ஏறியது.

மறுநாள் பிள்ளை ஒரு தோளில், ஈரமூட்டை மறுபக்க இடுப்பில். மதினி கதவைத் திறந்து, நான் இறங்கியதும் பூட்டிக்கொண்டார்.

பொரிக் கொட்டகையில் உமி போட்டு எரிக்கிற பெரிய உலை. வருசம் பூராவும் எரியும், கார்த்திகைக்குப் பொரி வேண்டும் என்பதால் அந்த மாதங்களில் பொழுதுக்கும் அணையாது. உலைக்குப் பின்சுவர் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். அதை ஒட்டி வரிசையாக மூங்கில்கள். மூங்கில்களில் பிள்ளைத்துணிகள். கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, காலை நீட்டிப்போட்டு, மடியில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகப் பெண்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இத்தனை பேர் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்!

கொட்டகைக்காரியை எல்லாரும் பொரிக்கார அக்கா என்பார்கள். மணலில் அரிசியைக் கொட்டித் துடுப்பால் புரட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுசா? எந்த வீடுன்னு சொல்லாத. பிள்ளை பேரு சொல்லு போதும். இங்க ஒரே ஒரு சட்டம், ஏலக்காய்ப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தா ஈரத்துணியோட ஓடிரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் புரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே ஒருவருக்கொருவர் போட்டி வியாபாரிகளின் பெண்டாட்டிகள். பொரிக்கொட்டகை யாருடைய சரக்கும் இல்லாத இடம். அதனால்தான் அங்கே வர எல்லா வீட்டுக் கதவும் திறந்தது.

எனக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவள் வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. பேச்சுக்கு நடுவே எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் அவள்தான் என்று தெரிந்தது. அவள் பிள்ளை அழுகையைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் ஆனா ஒங்க பிள்ளையும் கச்சேரி ஆரம்பிக்கும்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. எனக்குத்தான் வளர்க்கத் தெரியல."

"அட நீங்க ஒண்ணு! எல்லாப் பிள்ளையும் அந்திக்கு அழுகத்தான் செய்யும். ஒங்க பிள்ள அழுக ஆரம்பிச்சாத்தான், சரி, நம்ம மட்டும் இல்லன்னு எனக்கு மூச்சு வரும்."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. வெட்கங்கெட்டு அத்தனை பேர் முன்னால் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மலைத் தோட்டத்தில் நெடுநாள் இருந்துவிட்டு வந்த ஒருத்தி, "கரயாதே மோளே, அழாதம்மா" என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு என் பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பொரிக்கார அக்கா ஒரு முறத்தில் பொட்டுக்கடலையைக் கொட்டி, "அழுகிறவ கை சும்மா இருக்கக் கூடாது, கல்லுப் பொறுக்கு" என்று என் முன்னால் தள்ளினாள். அழுதுகொண்டே கல் பொறுக்கினேன். பிறகு சிரித்துக்கொண்டே பொறுக்கினேன்.

அதிலிருந்து தினமும் போனேன். எதைத்தான் பேசவில்லை? வசம்பை எவ்வளவு சுட வேண்டும், பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, எந்த மாமியார் தூங்கும்போது குறட்டை விடுவாள். சூடான துணியை மூங்கிலிலிருந்து உருவி அப்படியே பிள்ளையைச் சுற்றினால் அது சொக்கிப்போய்க் கண்ணை மூடும். தொடைப்புண் ஆறி, பிள்ளை கைகாலை உதைத்துச் சிரிக்க ஆரம்பித்தது. நானும் பழையபடி வாயாடியாகிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினால் ஒரு கூத்து நடக்கும். துணிமூட்டையை முன்கட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்குள் வீட்டுக்காரர் அதை வாங்கி மோந்து பார்ப்பார். புகை வாசம் இருக்கிறதா, சரக்கில் ஏறிவிடுமா என்று சோதனை. பிள்ளைத்துணியை மூக்கில் வைத்து மோந்த வியாபாரி இந்தச் சீமையிலேயே அவர் ஒருத்தர்தான். ஒருநாள் மோந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்து வீட்டம்மா கூடப் பேசுறியாமே. அவுக வீட்டுல எம்புட்டுக் கெடக்காம்? பச்சையா, வெளுப்பா?"

எனக்குச் சுரீரென்றது. "அவுக பிள்ளைக்கு ரெண்டு நாளாப் பச்சையாப் போகுதாம். அந்தப் பச்சைதான் எனக்குத் தெரியும். வேற பச்சை வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க."

அடுப்படியில் மதினி தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் அப்போது புரியவில்லை.

கார்த்திகை கழிந்தது. மார்கழி பிறந்ததும் மழை சொல்லிவைத்தது போல நின்றது. ஊரே வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. வீட்டுக்காரர் கொல்லையில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அப்பாடா. இனி இங்கயே கொடி கட்டிக்கலாம். கொட்டகைச் சோலி முடிஞ்சுது."

வெயில் அடிக்கிறபோது துணி காயாது என்று எந்த வாயால் சொல்வது? சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளை அழும், இந்தப் பக்கம் என் பிள்ளை அழும். முகம் தெரியாதபோது தாங்கிக்கொள்ள முடிந்தது. முகம் தெரிந்த பிறகு முடியவில்லை. முன்பு இருந்ததைவிட அந்த அறை சின்னதாகிவிட்டது. வெயிலைப் பார்த்து நாசமாய்ப் போக என்று சபித்தேன். மழைக்காக யாராவது அழுதால் பயிருக்காக அழுவார்கள். நான் பொரிக்கொட்டகைக்காக அழுதேன்.

ஒரு காலையில் கொடியில் பிள்ளைத்துணிகள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்து தொங்கின. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி பிடித்தது. ஒவ்வொன்றாக உருவினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய் அப்படியே அமுக்கினேன்.

முக்கிவிட்டு நிமிர்ந்தால் பின்னால் மதினி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என் கையெல்லாம் தண்ணீர். தொலைந்தேன், இனி கொல்லைக் கதவுக்கும் பூட்டுத்தான் என்று நினைத்தேன். அவர் தொட்டிக்கருகில் வந்தார். நான் பிழிந்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது பத்தாது. அவன் சரக்குத் தொட்டுப் பழகின ஆளு. ஈரம் எம்புட்டுன்னு விரல வச்சே சொல்லிருவான். பிழியாம கொண்டா."

மதினி உள்ளே போனார். தன் வெள்ளைச் சேலை ஒன்றை, மடிப்புக் கலையாமல் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, தொட்டியில் போட்டுக் கையால் அமுக்கினார்.

"இதையும் கொண்டுபோ. கெட்டிச் சேலை, சீக்கிரம் காயாது. அது காயுற வரைக்கும் இருந்துட்டு வா."

"நீங்களும் வாங்க மதினி. ஒரு நாளைக்கு."

"நான் வந்தா சாவிய யாருட்டக் குடுக்குறது?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். முன்கட்டில் வீட்டுக்காரர் துணிமூட்டையைத் தொட்டுப் பார்த்து, இன்னுமா காயவில்லை என்றபோது, "கொல்லையில வெயிலே விழுகலப்பா" என்று சுள்ளென்ற வெயிலில் நின்று சொன்னவரும் அவர்தான். வீட்டுக்காரர் அக்காளை எதிர்த்துப் பேசமாட்டார்.

கொட்டகையில் பொரிக்கார அக்கா என்னைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்தினாள். சாக்கில் வேதக்காரப் பெண் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலும் ஒரு மூட்டை, தண்ணீர் சொட்டச் சொட்ட. இரண்டு பேரும் ஒருவர் மூட்டையை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், மடியில் தூங்கிய பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்துவிட்டன.

மூங்கிலில் துணிகளை விரிக்கும்போது அவள் அந்த வெள்ளைச் சேலையைக் கையில் எடுத்து, இது யாருடையது என்று கேட்டாள்.

"எங்க மதினியோடது."

"அவுகளும் வரலாம்ல?"

சேலையை வாங்கி, உலைச்சுவரின் சூடு எட்டாத கடைசி மூங்கிலில், மடிப்பைக்கூடப் பிரிக்காமல் போட்டேன். அது காயவே கூடாது என்று இருந்தது.