அவர் சொல்லாத கடிதம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்து போகும். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்...

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் இளைய மகன் ஜெஸ்டினை ஆறு வயதில் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தது அவன் அப்பா இல்லை. நான்!

அவன் அப்பாதான் கொடுத்தார் என்று சொந்தபந்தம் எல்லாம் நினைக்கிறது. ஜெஸ்டினும் அப்படித்தான் நினைக்கிறான். என் வீட்டுக்காரர் மண்ணுக்குள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சொல்லுவேன். கூட்டத்தோடு சேர்ந்து சொல்வது எளிது. எந்தப் பாவம் என்று அங்கே யாரும் நம்மைத் தனியாகக் கேட்பதில்லை. இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் அருமனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்தோம். அவர் பால் வெட்டும் தொழிலாளி. இருட்டோடு கத்தியை எடுத்துக்கொண்டு போனால் மதியம்தான் வருவார். மூத்தவன் வில்சனுக்கு ஒன்பது வயது. ஜெஸ்டினுக்கு ஆறு. பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் இரண்டு பேரும் என் தலைமேல்தான்.

எவ்வளவு விளையாட்டு! ரப்பர் மரத்தின் வெட்டுக் கோட்டில் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்து, இழை இழையாகச் சுற்றிப் பந்து செய்வார்கள். ஒட்டுப்பால் பந்து. பாறையில் அடித்தால் கூரைக்கு மேல் துள்ளும். நாற்றமோ சொல்லி முடியாது. ஒருநாள் அது ஜன்னல் வழியாகத் துள்ளி வந்து மீன் குழம்புச் சட்டிக்குள் விழுந்துவிட்டது. நான் அகப்பையோடு நிற்கிறேன். ஜெஸ்டின் ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

"எம்மா, அந்தப் பெரிய மீனு எனக்கு!"

"லேய், கடிச்சிராத. பல்லு துள்ளித் தோட்டத்துக்குப் போயிரும்" என்றான் வில்சன்.

நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்து முடித்ததும் அந்தக் குழம்பை நான்தானே கொட்ட வேண்டும், சட்டியை நான்தானே தேய்க்க வேண்டும்...

அந்த வருஷம் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு லீவு வேதப் பள்ளி நடந்தது. கடைசி நாள் பாட்டுக்கு என்று இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். ஜெஸ்டின் அதைப் போட்டுப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய், மடி நிறைய முந்திரிப் பழம், எங்கள் பேச்சில் கொல்லாம்பழம், பொறுக்கி வந்தான். கொல்லாம்பழச் சாறு துணியில் பட்டால் போகாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். சட்டை முழுக்கப் பழுப்புக் கறை. அடித்தேன். கை வலிக்கிற மட்டும் அடித்தேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னும் அடிக்கப் போறியா, இல்ல நான் வெளையாடப் போவட்டா?"

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. காலையில் கண் திறந்தது முதல் கண் மூடும்வரை 'எம்மா, எம்மா' என்று அவன் கூப்பிடுகிற சத்தம்! காக்கைக்கு ஏன் கம்மல் இல்லை, பாலைச் சிரட்டையில் விட்டால் ஏன் கட்டியாகிறது, நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்... பதில் சொல்லாவிட்டால் முந்தானையைப் பிடித்து இழுப்பான்.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார்கள். நான் மைனி என்று கூப்பிடுவேன். இராஜாக்கமங்கலத்தில் வீடு. கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. கறைச் சட்டையோடு அழுதுகொண்டு நின்றவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"பிள்ளைய இந்த அடி அடிக்கியே! ரெண்டு பேரையும் கொஞ்ச நாளு அங்க விடு. கடலு பாக்கட்டும்."

வில்சனுக்குப் பாட்டு இருந்தது. சட்டையும் இருந்தது. ஜெஸ்டினை மட்டும் நான் கொண்டுபோய் விட்டேன். தக்கலையில் ஒரு பஸ், நாகர்கோவிலில் ஒரு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் கேள்வி.

"எம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"மீனு."

"மீனுக்கு லீவு உண்டா?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இறங்கும் முன்னால் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவ வருவ?"

"பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை."

"சத்தியமா?"

"சத்தியமா மக்கா."

சொல்லும்போது அது உண்மைதான். நம்புங்கள்... இல்லை, நம்ப வேண்டாம். நம்பச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

திரும்பி வந்த மறுநாள் மதியம் நான் தூங்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பகலில் தூங்கினேன். வில்சன் சாதுவான பிள்ளை, அவன்பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தான். எழுந்து தேயிலை போட்டுச் சூடு ஆறும் முன்னே குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. வீடு அப்படி ஒரு அமைதி!

நான் சந்தோஷமாக இருந்தேன்.

இதை எழுத எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. வறுமை என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நோய் என்று சொன்னாலும் மன்னிப்பீர்கள். வறுமையும் இல்லை, நோயும் இல்லை. வீட்டில் அரிசி இருந்தது. உடம்பில் பலம் இருந்தது. பெற்ற பிள்ளை இல்லாத வீடு எனக்குப் பிடித்திருந்தது... அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் மைனியிடமிருந்து என் வீட்டுக்காரர் பேருக்குக் கடிதம் வந்தது. 'பிள்ளை இங்கே நன்றாக ஒட்டிக்கொண்டான். இங்கேயே நின்று படிக்கட்டுமா? உனக்குச் சம்மதமென்றால் மட்டும் எழுது' என்று இருந்தது.

எங்கள் வீட்டில் கடிதம் எழுதும் முறையை இங்கே சொல்ல வேண்டும். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்து மட்டும் போடுவார். வந்த கடிதத்தை நான் வாசிப்பேன். பதில் அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். 'அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது' என்றுதான் ஆரம்பிக்கும். பேச்சு அவருடையது, எழுத்து என்னுடையது. மைனிக்கும் அது தெரியும்.

வாசித்துக் காட்டினேன். அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அது எப்பிடி? பிள்ள இல்லாம என்னத்துக்கு இந்த வீடு? வாற ஞாயித்துக்கிழம நான் வந்து கூட்டிட்டு வாறேன்னு எழுது. அக்கா மனசு நோவாம எழுது, கேட்டியா?"

"சரி" என்றேன்.

அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் எழுதி முடித்தேன். 'ஜெஸ்டின் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பிள்ளையாகவே வளருங்கள். எனக்குப் பூரண சம்மதம்.'

பேனா நின்றதா? நிற்கவில்லை. அடியில் அவர் கையெழுத்துப் போட்டார். வாசித்துக் காட்டு என்று கேட்கவே இல்லை. என்னை அவ்வளவு நம்பினார்! ஒட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை மதியம், மறுநாள் பயணத்துக்கு அவர் சட்டையைத் தேய்க்கச் சொன்னபோதுதான் சொன்னேன்.

"அவன் அங்கயே நிக்கட்டும்னு எழுதிட்டேன். ஒரு வருஷம் நின்னா என்ன?"

"யாரு சொல்லி எழுதின?"

நான் சட்டையைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"என் பேர்லயாட்டி எழுதின?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனார். அதற்குள் மைனி பிள்ளைக்குப் புதுப் பையும் காக்கி நிக்கரும் வாங்கி வைத்திருந்தார்களாம். தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். "நீ எனக்கு உசுரு தந்திருக்கடே தம்பி" என்றார்களாம். அவர் என்ன சொல்லுவார்? என் பெண்டாட்டி என் பேரில் பொய் எழுதினாள் என்று சொல்லி, சொந்த அக்கா முன்னால் என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். அவர் செய்யவில்லை.

தனியாகத்தான் திரும்பி வந்தார். முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"என்னக் கண்டதும் துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சிட்டான். பஸ் ஸ்டாப் மட்டும் கூடவே வந்தான். நான் மட்டும் ஏறினேன்."

ஜெஸ்டினுக்கு அப்பாவைப் பற்றி இருக்கும் நினைவு அதுதான். வந்தார்... தன்னை விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

மழை தொடங்கியபோது எனக்குப் புத்தி வந்தது. ஈரத் துணிகளுக்கு நடுவே அவன் பழைய நிக்கர் ஒன்று அகப்பட்டது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் எப்படித் திருப்பிக் கேட்பது? கேட்டால் மைனியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒரு வருஷத்தைப் பத்து வருஷமாக்கினேன். அவன் மைனியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். லீவுக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வருவான். நாற்காலி நுனியில் உட்காருவான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். சட்டையில் ஒரு கறை இருக்காது. 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை 'நீங்க' என்றான்.

பதினேழு வயதில் மைனியின் பெட்டியில் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தான். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டான். அவர் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில்.

"எழுத்து அம்மாக்க எழுத்து. சொன்னது நீங்கதான?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். காத்திருந்தார். எனக்கு நேரம் கொடுத்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! நான் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"ஆமா மக்கா. நாந்தான் சொன்னேன்" என்றார் அவர்.

ஜெஸ்டின் என் பக்கம் திரும்பினான். என்மேல் இரக்கம் அவன் முகத்தில்!

"நீங்க என்னம்மா செய்வீங்க... எழுதச் சொன்னா எழுதித்தான ஆவணும்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அதன் பிறகும் நான் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவரிடம் "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒருத்தரயாவது அவன் வெறுக்காம இருக்கட்டும்" என்றார். பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அவரை அடக்கம் செய்த நாள், எல்லாரும் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டார்கள். தோட்டத்தில் கூட வேலை செய்தவர்கள் போட்டார்கள். ஜெஸ்டின் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி மதிலோரம் நின்றான். யாரோ "மண்ணு போடுடே" என்றதற்கு "அவரு என்னப் போட்டுட்டுப் போனவருதான" என்றான். எனக்குக் கேட்டது. அந்த வெறுப்பு என்மேல் விழ வேண்டியது இல்லையா? அப்போதும் வாயைத் திறந்தேனா?

மைனியும் இப்போது இல்லை. ஜெஸ்டினுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இந்தக் கோடை விடுமுறைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். பயல்கள் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். அவன் ஒரு சொல் அதட்டவில்லை.

"எத்தன சத்தம் போட்டாலும் போடட்டும். எங்கப்பா மாதிரி நான் பிள்ளைகள விட்டுட்டுப் போவ மாட்டேன்" என்றான். பிறகு, "இனி நீங்க என்கூட வந்து இருங்கம்மா. உங்களத்தான் நான் ஒருநாளும் குத்தம் நினைச்சதில்ல" என்றான்.

துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறான். அவன் வீட்டுச் சோற்றை எந்த வாயால் சாப்பிடுவேன்? போகும் முன் சொன்னால் அவனை இழப்பேன். சொல்லாமல் போனால் அவரை இரண்டாம் முறை விற்றுத் தின்பேன். எது செய்வேன் என்று கேட்காதீர்கள்... எனக்குத் தெரியவில்லை. என்னை நான் அறிவேன். பேசாமல்தான் இருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

நாள், கிழமை எல்லாம் தப்பாக எழுதியிருப்பேன். வயதாகிவிட்டது. யாராவது மூத்தவன் வில்சனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'கூட்டிட்டு வாறேன்னு எழுது' என்று அவர் சொன்னபோது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். தம்பி வரப் போகிறான் என்று கையைத் தட்டியதாகக்கூட எனக்கு ஞாபகம். அப்படி நடந்ததா என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். நான் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். தம்பி ஏன் வரவில்லை என்று இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை.